மண் படாத கால்

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புகிற வயதுக்கு நாமெல்லாரும் வந்துவிட்டோம். சந்திக்கிற இடமெல்லாம் ஒரே கதைதான்: யாருக்கு எந்த மூட்டு, யாருக்கு எந்த எண்ணெய். நீங்கள் கதைக்கும்போது நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து, "உனக்கு ஒண்டும் இல்லையோ?" என்று கேட்கிறீர்கள். எனக்கு இடது கால் ஏழு வயதிலேயே போய்விட்டது. நீங்கள் அறுபதில் தொடங்கிய பாடத்தை நான் முன்கூட்டியே படித்து முடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்தது அதைவிடக் குறைவு.

இந்தக் காலோடு மன்னாரில் கருவாட்டுக் கொட்டில்களில் நின்றிருக்கிறேன். திருகோணமலையில் மூட்டைக் கணக்குப் பார்த்திருக்கிறேன். மலைநாட்டில் ஒரு தேத்தண்ணிக் கடையில் மழைக்காலம் முழுவதும் விறகு பிளந்திருக்கிறேன். ஓர் இடத்தில் கொஞ்சம் சுகமாக இருக்கத் தொடங்கினால் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். ஏன் இப்படி அலைகிறாய் என்று கேட்டவர்களிடம் ஏதாவது பகிடி சொல்லிச் சமாளித்துவிடுவேன். ஒரு வருடத்துக்கு மேல் என் கால் மண்ணில் படவே இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? உங்களிடம் சொல்லலாம். நீங்களும் அந்தக் காலத்து ஆட்கள்.

யுத்தத்துக்கு முந்திய காலம் அது. சுன்னாகத்துக்குக் கிழக்கே, செம்மண் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. அப்பு, அதுதான் என் அப்பா, குத்தகைக் காணியில் புகையிலை செய்வார். புகையிலை முடிந்தால் வெங்காயம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது புகையிலை வெட்டி முற்றத்தில் வாட விட்டிருந்தார்கள். அந்தப் பச்சைக் கார வாசமும் என் தலைக்குள் இருந்த கொதிப்பும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இன்றைக்கும் வாடுகிற புகையிலையைக் கடந்து போனால் பிடரி சுடும்.

காய்ச்சல் உச்சத்தில் நின்ற ஒரு நாள் அம்மா கோயிலுக்கு ஓடினார். ஊர் முருகன் கோயில். எனக்கு முன்னால் அவருக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்து, நோய் வந்து செத்துப்போனது. அந்தப் பிள்ளைக்கு வைத்த நேர்த்திக்கடனை, தோட்ட வேலை முடியட்டும் என்று வீட்டில் பின்போட்டார்களாம். பிள்ளை அதற்குள் போய்விட்டது. இந்த முறை அம்மா எதையும் பின்போடத் தயாராக இல்லை. கோயில் வாசலில் விழுந்து சொன்னாராம்: "இவன் எழும்பட்டும். தேர் இழுக்கிற அண்டைக்கு உன்ரை வீதியிலைதான் இவன்ரை கால் முதல் படும். அதுவரைக்கும் மண் படாது."

காய்ச்சல் விட்டது. விட்ட அன்று காலை கட்டிலில் கிடந்தபடி இடது காலை அசைக்கப் பார்த்தேன். அது ஈரச் சாக்கு மாதிரிக் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. வைத்தியம் பார்க்கிற பரியாரியார் வந்து தட்டிப் பார்த்து, வாதம் இறங்கியிருக்கிறது என்றார். எண்ணெய் காய்ச்சித் தந்தார். உள்ளிப்பூண்டும் வேப்பெண்ணெயும் கலந்த வாசம். தலையணை, பாய், நான் தொட்ட சோறு எல்லாவற்றிலும் அந்த வாசம் ஏறியது.

அன்றிலிருந்து என்னைத் தூக்கத் தொடங்கினார்கள். கிணற்றடிக்கு அம்மாவின் இடுப்பில். தோட்டத்துக்கு அப்புவின் தோளில். அடுத்த வளவு வீட்டில் இருந்த மாமி, அப்புவின் தங்கச்சி, வந்தால் அவரின் முதுகில். மற்ற நேரமெல்லாம் மாமரத்தின் கீழே சாக்குக் கட்டிலில். நடக்கக் கேட்டால் அம்மாவுக்கு எல்லாமே மண்.

"சீமெந்துத் தரையிலை நிக்கட்டோ அம்மா?"

"சீமெந்தும் மண்தான்."

"பாயிலை?"

"பாய் எதிலை கிடக்குது?"

"அப்ப கட்டிலும் மண்ணிலைதானே நிக்குது."

"கட்டிலுக்குக் கால் இருக்கு. பேசாமல் இரு."

ஆனியில் தேர் வந்தது. எனக்குப் புது வேட்டி வாங்கினார்கள். கொடியேறிய மறுநாள் அப்புவின் ஒன்றுவிட்ட தமையன் ஒருவர் செத்துப்போனார். துடக்கு. பங்காளிகளான உரித்துக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் அந்தத் தீட்டோடு முப்பத்தொரு நாளும் கோயில் வீதியை மிதிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தேரன்று வீட்டில் இருந்தபடி மேளத்தைக் கேட்டோம். மேளம் தெற்கு வீதிக்குப் போவதும், மேற்கில் திரும்புவதும், வடக்கில் கொஞ்சம் மங்குவதும் எல்லாம் கட்டிலிலிருந்தே தெரிந்தது. புது வேட்டியை அம்மா மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

துடக்குக் கழிந்தபின் அப்பு ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார்: "இண்டைக்குக் கொண்டுபோய் வீதியிலை விடுவம். சாமிக்கு எல்லா நாளும் ஒண்டுதானே."

"நான் சொன்னது தேரண்டைக்கு," என்றார் அம்மா.

அப்பு அதோடு விட்டுவிடவில்லை. தெல்லிப்பழைப் பக்கம் போன ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ஏறி விசாரித்துவிட்டு வந்தார். சும்மா வைத்திருந்தால் கால் சூம்பிப் போகும், ஏலுமளவுக்கு நடக்க விட வேண்டும் என்று அங்கே சொன்னார்களாம். அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவதை நிறுத்தாமலே கேட்டார்: "மூத்தவளைக் காப்பாத்தித் தந்தவையோ அவை?"

அப்பு முற்றத்துக்கு இறங்கிப் போனார். பிறகு ஒவ்வொரு மாதமும் என் இரண்டு தொடைகளையும் ஒரே புகையிலைக் கயிற்றால் சுற்றி அளந்து பார்ப்பார். பார்த்துவிட்டுக் கயிற்றைத் தன் மடிக்குள் செருகிக்கொள்வார். அளவு அவர் முகத்தில் தெரியும்.

மாமியின் மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். எனக்கு மச்சாள். வாய் நீளம். பள்ளிக்கூடத்தால் வரும்போது எங்கள் வாசல் படலையில் ஏறி நின்றுகொண்டு, "டேய் தூக்குக்காவடி! இண்டைக்கு ஆர் ஆர் தூக்கினவை?" என்று கத்துவாள். நான் கையில் அகப்படுவதை எறிவேன். அநேகமாக மாம்பிஞ்சு. அவள் அதைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் போவாள்.

ஒரு மத்தியானம் சத்தமில்லாமல் வந்தாள். கையில் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகள். நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்தவை. நாமெல்லாரும் சின்ன வயதில் அதில் ஏறி டொக் டொக்கென்று நடந்திருக்கிறோம்: கால் பெருவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவே கயிறு, கயிற்றின் மற்ற நுனி கையில்.

"டேய், சிரட்டை மண்ணே?"

"இல்லை."

"உன்ரை அம்மா சாமியிட்டைச் சிரட்டையைப் பற்றிக் கதைச்சவவே?"

"தெரியேல்லை."

"கதைச்சிருக்க மாட்டா. ஏறு."

முதல் நாள் ஏறி நிற்கவே முடியவில்லை. விழுந்தேன். மச்சாள் என்னைத் தூக்க ஓடி வரவில்லை. ஓடி வந்து என் இரண்டு பாதங்களையும் பிடித்து ஆகாயத்துக்கு உயர்த்திக்கொண்டு, "படேல்லை, படேல்லை, கால் படேல்லை!" என்றாள். நான் மூக்கு மண்ணில் குத்தியபடி கிடந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு முறை விழும்போதும் அப்படித்தான். மூக்கு, முழங்கை, வயிறு எல்லாம் மண் பட்டன. பாதம் படவில்லை. அவள் அந்த விஷயத்தில் கண்டிப்பு.

சில நாள் போக ஒன்று கண்டுபிடித்தேன். இடது காலை என்னால் தூக்க முடியாது, ஆனால் கயிறு தூக்கும். கையால் கயிற்றை இழுத்தால் சிரட்டையும் எழும்பும், அதோடு ஒட்டிக்கொண்டு பாதமும் எழும்பும். முன்னால் வைத்துவிட்டு அதன் மேல் கொஞ்சம் பாரத்தைப் போட வேண்டும். கொஞ்சத்தில்தான் எல்லாம் இருந்தது. கூடப் போட்டால் முழங்கால் மடங்கிவிடும். குறையப் போட்டால் மற்றக் கால் எழும்பாது. மாமரத்தடியில் இருந்து கோழிக்கூடு வரைக்கும் போய், கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, அங்கிருந்து மாமரத்தைப் பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் இருந்து என் கட்டிலை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு நோயாளியின் கட்டில் மாதிரித் தெரிந்தது.

அம்மா கண்டுபிடிக்காமல் இருப்பாரா? ஒரு நாள் தோட்டத்தால் வழமையைவிட முன்னதாக வந்துவிட்டார். தலையில் புல்லுக் கடகம். அதை இறக்காமலே நின்றார்.

"ஆர் இதைக் காட்டினது?"

"நான்தான் மாமி," என்றாள் மச்சாள். "கால் மண்ணிலை படேல்லை மாமி. விழுந்தாலும் நான் தூக்கிப் பிடிச்சிடுவன்."

அம்மா அவளுடைய காதைப் பிடித்துத் திருகினார். அந்த நேரம் அப்பு மண்வெட்டியோடு வந்தார். விஷயம் விளங்க அவருக்கு நேரம் எடுக்கவில்லை.

"பிள்ளையின்ரை காதை விடும். சிரட்டை மண்ணிலை விளையிறேல்லை. மரத்திலை காய்க்கிறது."

"மரம் எதிலை நிக்குது?"

"அப்பிடிப் பாத்தால் நீர் அவனை இடுப்பிலை வைச்சிருக்கிறீர். நீர் எதிலை நிக்கிறீர்?"

அம்மா காதை விட்டார். பிறகு கடகத்தை இறக்கி மாட்டுக்குப் புல்லுப் போடப் போய்விட்டார். மச்சாள் காதைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அடுத்த நாள் காலை என் கட்டிலுக்குக் கீழே வேறு இரண்டு சிரட்டைகள் இருந்தன. பெரியவை, தடித்தவை, கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்கியவை. கயிறும் புதுசு. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டு அடுப்படியில் தேங்காய் உடைப்பது ஒருவர்தான்.

இப்படி மாரி போனது, தை போனது, மறுபடியும் புகையிலை வெட்டினார்கள். சித்திரையில் ஒரு செய்தி வந்தது: பாட்டா படுக்கையில் விழுந்துவிட்டார்.

பாட்டா என்று நாங்கள் சொன்னது அப்புவின் பெரியப்பாவை. தெல்லிப்பழைப் பக்கம் மகள் வீட்டில் இருந்தார். உரித்துக்காரரில் மூத்தவர். அவர் கண்ணை மூடினால் எங்களுக்கு முழுத் துடக்கு. தேருக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அம்மா விரலை மடித்துப் பார்த்துவிட்டு, முருங்கையிலை பறிக்கப் போனார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டிலிருந்து பாட்டாவுக்குக் கஞ்சி போகத் தொடங்கியது. பனங்கிழங்கு ஒடியல்மாக் கஞ்சி, முருங்கையிலைச் சாறு, பனங்கற்கண்டு, கோழி இட்ட முட்டை. நான் கேட்டால் கிடைக்காத முட்டை. அப்பு சந்தைக்குப் போகிற நாட்களில் சுன்னாகத்தில் வைத்து, பாட்டாவின் மகளைக் கட்டிய மாமாவிடம் கொடுத்துவிடுவார். வரும்போது மாமா சொன்ன நிலவரத்தோடு வருவார்.

"எப்பிடியாம்?"

"விடிய எழும்பி எல்லாரையும் ஏசினவராம்."

"அப்பாடா," என்பார் அம்மா.

இன்னொரு நாள், "இண்டைக்கு ஒருத்தரையும் ஏசேல்லையாம். பேசாமல் கிடக்கிறாராம்," என்று அப்பு சொன்னதும், அம்மா உலையில் போட்ட அரிசியை மறந்துவிட்டு வாசலில் குந்திவிட்டார்.

வைகாசி முடிகிற நேரம் எல்லாருமாக வண்டியில் போய்ப் பாட்டாவைப் பார்த்தோம். அவர் சின்ன உருவம். அந்தக் கட்டிலில் இன்னும் சின்னதாகிவிட்டிருந்தார். குரல் மட்டும் சுருங்கவில்லை. அம்மா மூக்குப்பேணிக் குவளையால் கஞ்சியை அவர் வாயில் விட்டார்.

"பிள்ளை, உங்கடை வீட்டிலை உப்பு எண்ட சாமானே இல்லையோ? செத்தாலும் பரவாயில்லை, உறைப்பாய் ஏதும் தாங்கோ."

"தேர் முடியட்டும் மாமா. பேந்து மிளகாய் அரைச்சு விட்டுக் கூழே காச்சித் தாறன்."

சொன்ன பிறகுதான் அம்மாவுக்குத் தான் சொன்னது விளங்கியது. அப்பு கூரையைப் பார்த்தார். பாட்டாவின் மகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்தார். பாட்டாவுக்குச் சிரிப்பு வந்து கஞ்சி மூக்கால் ஏறிவிட்டது. தலையில் தட்டித்தான் அடக்க வேண்டியிருந்தது.

"அதுதானே பாத்தன்! கிழவனுக்கு முட்டையாம், கற்கண்டாம். நான் ஏதோ என்னிலை உள்ள பட்சம் எண்டு நினைச்சன்."

அம்மா அழத் தொடங்கினார். பாட்டா அதைக் கவனிக்காதவர் மாதிரி என் பக்கம் கையை நீட்டினார். "உவனோ ஆள்? இஞ்சை கொண்டு வாங்கோ."

அப்பு என்னைத் தூக்கிக் கட்டில் ஓரத்தில் இருத்தினார். பாட்டா தன் வேட்டியை விலக்கிக் காலை நீட்டச் சொன்னார். மகள் நீட்டிவிட்டார். என் இடது காலையும் அதன் பக்கத்தில் வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தார்.

"ரெண்டும் ஒரு சோடி மாதிரித்தான் கிடக்குது. என்ரையிலை மயிர் கூட. தேர் எப்ப?"

"அடுத்த மாதம், பூரணைக்கு முதல் நாள்," என்றார் அப்பு.

"சரி. இருந்து பாக்கிறன். வேறை வேலை என்ன எனக்கு? ஆனா பிள்ளை, கஞ்சிக்கு உப்புப் போடும். உப்பில்லாமல் ஒருத்தனைப் பிடிச்சு வைச்சிருக்கேலாது."

அடுத்த கஞ்சிக்கு அம்மா உப்பும் போட்டார், ஒரு செத்தல் மிளகாயும் கிள்ளிப் போட்டார்.

பாட்டா இருந்தார். கொடியேறியது. இருந்தார். அம்மா காலையில் முதல் வேலையாகப் படலையடிக்குப் போய் வீட்டுக்கு வரும் ஒழுங்கையைப் பார்த்துவிட்டு வருவார். சாவுச் செய்தி கொண்டு வருகிறவர் படலைக்குள் வரமாட்டார், வெளியில் நின்றே குரல் கொடுப்பார். அந்தக் குரல் காதில் விழுகிற நேரத்திலிருந்துதான் எங்களுக்குத் துடக்கு. கலியாணக் காலங்களில் சில வீடுகளில் தாலி கட்டி முடியும்வரை செய்தியாளரை வழியிலேயே மறித்து வைப்பதும் உண்டு. அதெல்லாம் வசதியான வீடுகள். எங்கள் ஒழுங்கையில் மறித்து நிற்க ஆளில்லை.

தேரன்று அப்பு விடியவே வடம் பிடிக்கப் போய்விட்டார். மாமியும் மச்சாளும் போய்விட்டார்கள். அம்மா என்னைக் குளிப்பாட்டி, பெட்டிக்குள் இருந்த வேட்டியை எடுத்துக் கட்டிவிட்டார். வருடம் போனதில் அது கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. என்னைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறந்தார்.

ஒழுங்கையின் அந்த முனையில் பாட்டா வீட்டு மாமா வந்துகொண்டிருந்தார். மாமா சாதாரணமாகத் தெருவெல்லாம் கதைத்துக்கொண்டு வருகிறவர். கண்ட மாட்டோடும் கதைப்பார். அன்று தலையைக் குனிந்துகொண்டு வந்தார். தோளில் கிடக்கிற துண்டு இடுப்பில் இருந்தது. நிமிர்ந்து எங்களைக் கண்டார். வாயைத் திறந்தார்.

"நான் வீட்டிலை இல்லை!" என்று கத்தினார் அம்மா.

படலையைப் படாரென்று சாத்திவிட்டு, வளவைக் கடந்து, பின் வேலியில் நாய் போய்வருகிற ஓட்டையான பொட்டுக்குள்ளால் என்னை முதலில் தள்ளி, ஒரு கையால் என் கால்களை உயர்த்திப் பிடித்தபடி தானும் புகுந்தார். முள்ளு முறிகிற சத்தம் கேட்டது. சேலை கிழிகிற சத்தமும் கேட்டது. தோட்டங்களுக்கு நடுவே ஓடத் தொடங்கினார். எனக்கு எட்டு வயது முடிந்திருந்தது. நான் பாரம். அவருடைய மூச்சு என் காதுக்குள் இரைந்தது.

"தங்கச்சி! தங்கச்சி, நில்லும் கொஞ்சம்!" மாமா வேலிக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டார்.

அம்மா ஏதோ தேவாரத்தைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். சொற்கள் மாறி மாறி வந்தன. காதுக்குள் வேறு ஒன்றும் விழக்கூடாது, அவ்வளவுதான்.

தூரத்தில் மேளம் கேட்டது. தேர் இன்னும் வெளிக்கிடவில்லை. இரண்டு தோட்டம் கடந்தோம். மூன்றாவது தோட்டத்தில் தண்ணீர் பாய்ந்து காய்ந்த வாய்க்கால் ஒன்று இருந்தது. அதில் அம்மாவின் கால் சறுக்கி மடங்கியது. முழங்காலில் விழுந்தார். விழுந்தபோதும் என்னை விடவில்லை. இரண்டு கையாலும் என்னைத் தன் தலைக்கு மேலே பிடித்திருந்தார், தண்ணீருக்குள் நின்று குழந்தையைத் தூக்கிப் பிடிப்பவர் மாதிரி. எழும்பப் பார்த்தார். கால் கேட்கவில்லை. இன்னொரு முறை பார்த்தார்.

நான் பின்னால் பார்த்தேன். மாமா வேலிப் பொட்டில் அகப்பட்டு வேட்டியை இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்னை விடுங்கோ அம்மா. நடப்பன்."

அம்மா கோயில் பக்கம் பார்த்தார். பனைகளுக்கு மேலால் தேரின் முடி தெரிந்தது. பிறகு தான் முழங்காலில் நின்ற மண்ணைப் பார்த்தார்.

"உது கோயில் காணி," என்றார். "இஞ்சையிருந்து முருகன்ரை வீதிதான். இறங்கு மோனை."

இறக்கினார். இடது பாதம் முதலில் பட்டது. அது மற்றக் காலைவிடத் தொங்கலாக நிற்கும், அதனால். மண் சுட்டது. செம்மண் கட்டிகள் விரலுக்கு நடுவே பொடிந்தன. மண் அவ்வளவு கரடுமுரடு என்பதை நான் மறந்து போயிருந்தேன். சிரட்டையின் முதுகு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். மண் ஒவ்வோர் அடிக்கும் வேறு மாதிரி இருந்தது. இங்கே கயிறு இல்லை. கையால் என் தொடையை அழுத்தி, முழங்காலை நிமிர்த்தி, மற்றக் காலை எடுத்து வைத்தேன். திரும்பவும் அழுத்தினேன். இன்றைக்கும் நான் நடப்பது அப்படித்தான். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

"போ," என்றார் அம்மா. "என்னைப் பாக்காதை. போ."

அவர் எனக்குப் பின்னால் ஒரு காலை இழுத்துக்கொண்டு, வேலிக் கம்பு ஒன்றைப் பிடுங்கி ஊன்றியபடி வந்தார். இரண்டு நொண்டிகள். மாமா வாய்க்கால் வரைக்கும் வந்தது தெரிந்தது. பிறகு அவருடைய காலடிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் வரம்பில் குந்தி, மடியிலிருந்து சுருட்டை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. தேர் வீதி சுற்றி இருப்புக்கு வரும்வரை அவர் அங்கேயே இருந்தார்.

கோயில் வீதியில் சனம். மச்சாள்தான் முதலில் கண்டாள். "ஐயோ, தூக்குக்காவடி இறங்கி வருது!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு வடத்தில் நின்ற ஆட்கள் திரும்பினார்கள். அப்புவும் திரும்பினார். வடத்தை விட முடியாது. பிடித்தபடி என்னைப் பார்த்தார், தேர் அசைந்தபோது அவரையும் இழுத்துக்கொண்டு போனது. வீதியைச் சுற்றி முடியும்வரை அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் கழுத்தைத் திருப்பி என் கால் நிற்கிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

தேர் இருப்புக்கு வந்தபிறகு மாமா கோயில் வேலிக்கு வெளியே வந்து நின்றார். அம்மா தானாகவே அவரிடம் போனார்.

"இப்ப சொல்லுங்கோ அண்ணை."

"விடியப்புறம் போயிட்டார், தங்கச்சி. ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டு கிடந்தவர். தேர் இழுத்தாச்சோ, தேர் இழுத்தாச்சோ எண்டு அதுதான் கேள்வி. பாக்கேலாமல் கிடந்தது. ஓம் மாமா, இழுத்தாச்சு எண்டு நான்தான் சொன்னன். பொடியன் நடந்தவனோ எண்டார். நடந்தவன் எண்டன். அதோடை விட்டிட்டார்."

அம்மா அப்படியே மணலில் குந்திவிட்டார். அழுகை பெரிதாக வந்தது. தேர் பார்க்க வந்தவர்கள் சுற்றிக் கூடினார்கள். இரண்டு மாதமாக அவர் அந்தக் கிழவருக்குக் கஞ்சி காய்ச்சியது எதற்காக என்று அந்தச் சனத்துக்குத் தெரியாது. அவர் அழுததில் எவ்வளவு எதற்கு என்று எனக்கும் அப்போது தெரியவில்லை.

பின்னேரம் ஒற்றை மாட்டு வண்டியில் செத்தவீட்டுக்குப் புறப்பட்டோம். அம்மாவின் கணுக்கால் வீங்கி இருந்தது. அவரை அப்புதான் தூக்கி வண்டியில் ஏற்றினார். அந்தத் தோட்டத்தின் ஓரத்தால்தான் வண்டிப் பாதை போகிறது. வாய்க்கால் அருகே வந்தபோது அப்பு மாட்டை நிறுத்திக் கேட்டார்:

"முதல் கால் எங்கை வைச்சவன்? வீதியிலையோ?"

அம்மா தோட்டத்தைக் காட்டினார். மடங்கி விழுந்த இடத்தில் மண் கலைந்து கிடந்தது. "உதிலை. கோயில் காணியிலை."

அது யாருடைய காணி என்று அப்புவுக்கு நன்றாகத் தெரியும். சுன்னாகத்தில் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்த முதலாளி ஒருவரின் காணி. முந்திய இரண்டு வருடமும் அப்புதான் அதைக் குத்தகைக்குச் செய்தவர். அந்த மண்ணில் குந்தி இருந்து வெங்காயம் கிண்டியவர் அம்மா.

அப்பு காணியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா அவர் கண்ணைப் பார்த்தபடியே இருந்தார்.

"ஓம்," என்றார் அப்பு. "முருகன்ரை காணிதான்."

"நான் இறங்கி நடக்கட்டோ?" என்று கேட்டேன்.

இருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் வண்டிச் சில்லைப் பிடித்து இறங்கினேன். அப்பு மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்து, என் நடைக்கு மேல் போக விடாமல் ஓட்டினார். தெல்லிப்பழைப் பாதையில் வெயில் சாயும்வரை நான் வண்டிக்குப் பின்னால் வந்தேன்.